தூண்டில் சங்கத்தின் நான்காம் விதி

11.7.88 திங்கள்
விடிந்ததிலிருந்து காற்று. கடை வாசலில் தொங்கும் எலாஸ்டிக் சுருள்கள் முழுக்க மண். மதியம் கரண்டும் இல்லை.

செய்ய வேண்டியவை: மங்கலத்துக்கு ஆள் அனுப்பி நாடா வாங்க. வீட்டுக்காரி ஜமீலாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக. சங்கத்துக்கு விதிமுறை எழுத.

கடைசி வேலை நானாகக் கேட்டு வாங்கியதில்லை. நேற்று கொமரலிங்கத்தில், ஆற்றங்கரையில், சுடலைமுத்து வீசிய தூண்டில் முள் துரையின் காதில் ஏறிவிட்டது. துரைக்கு அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை. சுடலை திருநெல்வேலிப் பக்கம், இங்கே டெய்லர். முள்ளை எடுத்த நர்ஸம்மா, "இதாட்ட பெரிய மீனு இப்பத்தான் பாக்கறனுங்க" என்றார். சிரிக்காதவர் துரை ஒருவர்தான்.

திரும்பும்போது வேனில் தலைவர் உத்தரவு: "ஏனுங்க பாய், நாமளும் நாலு ரூல்ஸு போட்டுக்கோணுமுங்க. செக்ரட்டரி நீங்கதான. எழுதிக் கொண்டாங்க." தலைவர் பழனிசாமி அண்ணன் (இனி ப.சா.), பனியன் கம்பெனி முதலாளி. சுடலைக்கு அவரிடம்தான் வேலை. எலாஸ்டிக் வாங்குவது என்னிடம். முடியாது என்று எப்படிச் சொல்வது?

இத்தனைக்கும் சங்கம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன், கொஞ்சம் மூங்கில் கழி, ஒரு தூக்குவாளிப் புளிசாதம். அவ்வளவே.

13.7 புதன்
எழுதியாகிவிட்டது.
1. புதிதாகச் சேர உறுப்பினர் இருவர் சிபாரிசு.
2. தூண்டில் வீசுமுன் பின்னால் ஆள் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும்.
3. குடித்துவிட்டுக் கழியைத் தொடக்கூடாது.
4. உறுப்பினர் அனைவருக்கும் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். அடித்துக் காட்ட வேண்டும்.
5. தனியாக ஆற்றுக்குப் போகக்கூடாது.
6. கரண்டுக் கம்பிக்கு அடியில் கழியைத் தூக்கக்கூடாது.
7. அணையில் தண்ணீர் திறந்தால் உடனே கரையேற வேண்டும்.
8. அறுந்த தூண்டில் நரம்பு, முள் கரையில் போடக்கூடாது. ஆடு மாடு காலில் ஏறும்.

ஜமீலா படித்துப் பார்த்தாள். "இத்தனை எழுதறதுக்கு மீன் கடைக்கே போயிட்டு வந்திருக்கலாமுங்க." வாஸ்தவம்.

17.7 ஞாயிறு
ஆற்றுக்குப் போகவில்லை. ப.சா. கம்பெனி பேக்கிங் செக்‌ஷனில் கூட்டம். ஜட்டிக் கட்டுகள்மேல் உட்கார்ந்து பேச்சு. வியர்வை. டீ ஆறிப்போய் வந்தது.

2-இல் சுடலை பெயரையே போட வேண்டும் என்று துரை. காதில் இன்னும் பிளாஸ்திரி. 3-இல் சுடலைக்குச் சந்தேகம்: "பாய், பீரெல்லாம் குடியில சேராதுல்லா?" அதற்கே பாதி நேரம் போயிற்று. சேரும் என்று முடிவு. சுடலை முகம் தொங்கிப்போயிற்று.

4 வந்ததும் ப.சா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது எதுக்குங்க? மீனுக்கு நீச்சல் தெரிஞ்சாப் பத்தாதுங்களா?" எல்லோரும் சிரிப்பு. நான் விடவில்லை. ஆறு என்றால் ஆறு, ஆழம் தெரியாது என்றேன். "அடிச்சுப்போடுங்க பாய். வயசானவீங்க சங்கடப்படுவாங்க." யார் வயசானவர்? கூட்டத்தில் மூத்தவரே அவர்தான். ரூல்ஸ் கேட்டதும் அவர்தான்!

ஒத்திவைப்பு. மூன்று மணி நேரம் வீண். தலைவலி.

19.7 செவ்வாய்
ப.சா. கடைக்கே வந்துவிட்டார். எலாஸ்டிக் வாங்க அல்ல. ஒரே ஒரு வார்த்தை சேர்த்தால் போதுமாம்: "நீச்சல் முடிந்தவரை தெரிந்திருக்க வேண்டும்."

முடிந்தவரை நீச்சல் என்றால் என்ன? மூழ்குவதும் முடிந்தவரைதானா? அவரிடம் கேட்கவில்லை. இங்கேதான் கேட்க முடிகிறது. "பாக்கலாங்க அண்ணா" என்று மட்டும் சொன்னேன். போகாமல் நின்றார். காற்றாடியைப் பார்த்தார். பிறகு போனார்.

மனிதருக்குத் தன் பேச்சு செல்ல வேண்டும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைப் பிடிவாதம்.

24.7 ஞாயிறு
கொமரலிங்கம். வெயில். எனக்கு இரண்டு கெளுத்தி, துரைக்கு ஒன்றுமில்லை.

ப.சா. வழக்கம்போல் ஆற்று நடுப் பாறையில். கணுக்கால் தண்ணீரில் நடந்துபோய் உட்கார்ந்தவர். பதினோரு மணி வாக்கில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் கத்தினார்: "ஏனுங்கோ, டேம்ல தண்ணி உட்டுப்போட்டாங்களாமா! மேல வாங்கோ!" எல்லோரும் கழியைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். ப.சா. மட்டும் "இருங்க, கடிக்குது" என்றார்.

தண்ணீர் செம்மண் நிறமாகியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைக்கும் பாறைக்கும் நடுவே இடுப்பளவு, அப்புறம் அதற்கும் மேல். அப்போதும் இழுப்பு அவ்வளவு இல்லை. "குதிச்சு வந்துருங்கண்ணா, நாலு எட்டுதான்!" என்று கத்தினேன். திட்டவும் செய்தேன். என்ன திட்டினேன் என்று எழுத மாட்டேன்.

அவர் அசையவில்லை. எழுந்து நின்று கழியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்து, வாய் திறந்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிடிவாதமும் இல்லை, ஒன்றும் இல்லை. இவருக்கு நீச்சல் தெரியாது.

சுடலை சட்டையைக் கழற்றிவிட்டான். வேனிலிருந்த டயர் டியூபையும் கயிற்றையும் எடுத்தோம். கயிற்றின் ஒரு முனையை டியூபிலும் மறுமுனையைப் புங்கமரத்திலும் கட்டினோம். சுடலை டியூபோடு நீந்திப் பாறையைப் பிடித்தான். "மொதலாளி, டியூப்பப் புடிங்க. என்னப் புடிக்காதிய!" அவர் அவன் கழுத்தைத்தான் பிடித்தார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். எத்தனை நேரம் தெரியாது. நானும் துரையும் இடுப்புத் தண்ணீரில் நின்று கயிறு இழுத்தோம். உள்ளங்கை உரிந்துவிட்டது. டியூபோடு இரண்டு தலையும் மேலே வந்தன.

வேட்டி ஆற்றோடு போய்விட்டது. கரையில் ப.சா. அவர் கம்பெனி ஜட்டியோடு உட்கார்ந்து வாந்தி எடுத்தார். எலாஸ்டிக் என் கடையுடையது. தாங்கியிருந்தது. துரை சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

வேனில் திரும்பினோம். சுடலை கழுத்தில் நகக் கீறல்கள். ப.சா. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

25.7 திங்கள்
கை எரிச்சல், சோறு பிசைய முடியவில்லை. சரக்கு வாங்க வந்த பார்ட்டியிடம் எரிந்து விழுந்தேன். ஜமீலாவிடமும்.

செத்திருப்பார். சுடலையும் சேர்ந்து போயிருப்பான். நான் "முடிந்தவரை" போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீச்சல் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்னவாம் மனிதருக்கு?

27.7 புதன்
கடை சாத்தும் நேரம் ப.சா. வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ சொன்னேன், தொடவில்லை.

"எங்கண்ணன் கெணத்துல போயிட்டானுங்க பாய். எனக்கு அப்ப எட்டு வயசு. அதுக்கப்பறம் எங்கம்மா என்னையக் கெணத்துப் பக்கமே உடலீங்க. பசங்கல்லாம் நீச்சலடிப்பாங்க. நான் அவிங்க துணியப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்."

அப்புறம் எதற்கு ஞாயிறுதோறும் ஆற்றுக்கு என்று கேட்டேன்.

"தூண்டல் போட்டாத் தண்ணிகிட்டயே உக்காந்திருக்கலாமில்லீங்க. எறங்குன்னு யாரும் சொல்லமாட்டாங்க." டீயைப் பார்த்தார். "நீங்க எழுதற வரைக்கும்."

கோபம் வந்தது எனக்கு. பாவமாக இருக்க வேண்டிய இடத்தில் கோபம். "அதை அன்னிக்கே சொல்றதுக்கென்னங்க அண்ணா?"

"கம்பெனியில இத்தன பேரு வேல செய்யறாங்க. அதும் சுடல முன்னால. எப்புடீங்க?"

நாலாவதை அடித்துவிடுகிறேன் என்றேன். கைகாட்டித் தடுத்தார். "வேண்டாமுங்க. இருக்கோணும். நான் தலைவர் பதவிய உட்டர்றேன்."

யார் கேட்டார்கள் இவரிடம் ராஜினாமா? நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்றேன். யோசிக்காமல் சொன்னது. நாற்பத்தெட்டு வயது ஆளுக்கு!

31.7 ஞாயிறு
கூட்டம். எட்டு விதியும் நிறைவேறின. ப.சா. எழுந்து, "எனக்கு நீச்சல் தெரியாதுங்க" என்றார். நின்றபடியே சுடலையைப் பார்த்தார். "அன்னிக்கு உன்ர கழுத்தப் புடிச்சுப்போட்டேன். மனசுல வச்சுக்காத கண்ணு." சுடலைக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "அதுக்கென்ன மொதலாளி" என்று ஜட்டிக் கட்டின் சணலை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

அவர் கற்கும்வரை தற்காலிகத் தலைவர் நான். இது வேறு.

5.8 வெள்ளி
துரையின் மச்சான் தோட்டத்துக் கிணறு. காலையில் ஆள் இல்லாத நேரம். ப.சா. முதுகில் காலி எண்ணெய் டின் கட்டினேன். முதல் படியில் அரை மணி நேரம். கிணற்றைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்தார். "உட்றாதீங்க பாய், உட்றாதீங்க!" நான் பிடிக்கவே இல்லை. படியை அவர்தான் பிடித்திருந்தார். ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. காதில் தண்ணீரோடு ஓட்டம்.

8.8 திங்கள்
இன்றும் படி. காலை மட்டும் உதைத்தார். என் மூக்கில் பட்டது.

11.8 வியாழன்
தூறல். இன்றோடு விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். எனக்குச் சளி, கடையில் ஆள் இல்லை, ஜமீலா தினமும் முணுமுணுப்பு. அதையெல்லாம் சொல்லலாம் என்று வாயெடுக்கும்போது, அவர் படியிலிருந்து கையை எடுத்தார். என்னிடம் சொல்லவில்லை. நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் ஆள் படியில் இல்லை. ஒரு கழி தூரத்தில், டின் சாய்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அடிக்கிறார். எதிர்ச் சுவரைத் தொட்டார். வாய் நிறையத் தண்ணீர். துப்பினார்.

"பாய், திரும்பி எப்புடி வாரதுங்க?"

அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை நான்.