கூரையைக் கேட்ட பெண்

ஜூன் 4

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு எல்லோரும் நலம். போனில் நீ என்னைப் பேசி முடிக்க விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

உன் நர்சிங் மாணவி, அந்த நெட்டைப் பெண், இன்று என் குழந்தைகள் வார்டில் செய்த காரியத்தைக் கேள். எட்டு மாதக் குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. இவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கூரையைப் பார்த்து, "குழந்தையோட உதடு என்ன நிறத்துல இருக்கு?" என்று கேட்கிறாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாள். குழந்தையின் அம்மாவும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேல யாரும்மா இருக்காங்க?" என்று என்னைக் கேட்டாள்.

நான் இவளைத் தள்ளிவிட்டு ஆக்சிஜன் வைத்தேன். குழந்தை பிழைத்துக்கொண்டது.

உன் கல்லூரியில் அந்தப் பயிற்சிப் பொம்மையை வைத்து என்னதான் சொல்லிக்கொடுக்கிறாய்? இனி உன் பிள்ளைகள் ஒருத்தரும் என் வார்டு வாசலை மிதிக்க வேண்டாம்.

கோபத்தோடும் அன்போடும்,
அக்கா

ஜூன் 7

என் கோபக்கார அக்காவுக்கு,

திட்டி முடித்தாயா? இப்போது நான் சொல்வதைக் கேள். எங்கள் பொம்மை மூச்சு விடும், அழும், வலிப்புகூட வரும். மூச்சு முட்டினாலும் உதடு மட்டும் நீலமாகாது. அதனால் உதடு என்ன நிறம் என்று மாணவிகள் கேட்பார்கள், நான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் பதில் சொல்வேன். குரல் கூரையிலுள்ள ஸ்பீக்கரில் வரும். இது இப்படிப் போய் முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, போதுமா?

ஆனால் வார்டை அடைத்துவிட்டால் இவர்கள் எங்கே போய்க் கற்பார்கள், உன் தலையிலா? வார்டு வேலை முடிக்காமல் நெட்டையால் தேர்வு எழுத முடியாது. அவள் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, "அந்தக் குழந்தைய நான் கொன்னுருப்பேன் மிஸ், வீட்டுக்கே போயிடறேன்" என்கிறாள்.

நீயே வந்து பார். பொம்மைக்கு அம்மாவாக நடி. இப்போது ஆபீஸ் கிளார்க்தான் நடிக்கிறார். "ஐயோ, என் குழந்தை" என்பதைச் சுற்றறிக்கை போல வாசிக்கிறார். நான் மைக்கைத் தொடமாட்டேன். நெட்டை தானாகத் தேறினால் திரும்பச் சேர்த்துக்கொள்.

உன் வாயாடி

ஜூன் 12

அக்கா,

நேற்று இங்கே பயிற்சி முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாய். ஓடிப்போனால் விட்டுவிடுவேனா?

பொம்மையின் உதட்டில் நீல மை தடவச் சொன்னது உன் யோசனை, நல்ல யோசனை. நான் மைக்கை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெட்டை வந்தாள், பழக்கத்தில் கூரையைப் பார்த்தாள், "உதடு என்ன நிறம்?" என்றாள். ஸ்பீக்கர் பேசவில்லை. "நீலமா இருக்குடி, குனிஞ்சு பாரு" என்று கத்தியது யார்? பொம்மையின் அம்மா. அழ வேண்டியவள் பாடம் நடத்துகிறாள். கிளார்க்கே பரவாயில்லை.

என்னைத் திட்டிய வாய்தானே அது? இந்த முறை அவளைத் தேற விடாமல் செய்தது நீ. திங்கட்கிழமை அவளை அனுப்புகிறேன். மறுத்தால் நடந்ததை நம் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

வாயாடி

ஜூன் 19

தங்கைக்கு,

அனுப்பினாய், வந்தாள். மறுக்க எனக்கு ஏது வாய்?

இன்று இன்னொரு குழந்தைக்கு அதே இழுப்பு. நான் தொட்டிலுக்கு அந்தப் பக்கம், ஒரு கையை ஆக்சிஜன் திருகில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. பதில் சொல்லாமல் சும்மா நிற்பதையா தினமும் உன்னிடம் எதிர்பார்த்தேன் என்று உன்னை நினைத்துப் பாவமாகக்கூட இருந்தது.

நெட்டையின் தலை மேலே போகப் பார்த்தது. பாதியில் நின்றது. குனிந்தாள். சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், மாஸ்க்கை எடுத்து வைத்தாள். "உதடு நீலமா இருக்கு சிஸ்டர், டாக்டரக் கூப்பிடுங்க" என்றாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். குழந்தை இப்போது பால் குடிக்கிறது.

அதன் அம்மாவுக்குத்தான் என் மேல் கடுங்கோபம். "அந்தச் சின்னப் பொண்ணு சொன்னாதான் டாக்டரக் கூப்பிடுவீங்களா? அதுவரைக்கும் எதுக்கு மரம் மாதிரி நின்னீங்க?" என்று வார்டே கேட்கும்படி கேட்டாள்.

அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

மற்ற பிள்ளைகளையும் அனுப்பு.

அக்கா