ஒரே வீட்டில் யார் யார்

1996 பெப்ரவரி 6
டோர்செட் பார்க் கிளினிக்கில் நான் எழுதிய புரோகிராம் ஓடத் தொடங்கிவிட்டது. நோயாளிகளின் கோப்புகள் எல்லாம் இனிக் கொம்பியூட்டரில். ஒருவருக்குத் தொற்றுநோய் என்றால் அவருடைய குடும்பத்தை அதுவே தேடி, பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் அச்சடிக்கும். மனேஜர் மக்டலீனுக்குப் பெருமை. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

பெப்ரவரி 14
சாமித்தம்பி என்பவருக்குக் காசநோய். கடிதங்கள் தானாகவே அச்சாகித் தபாலில் போயின.

பெப்ரவரி 19
பனி. பஸ்ஸுக்கு நின்று கால் விறைத்துவிட்டது.

மார்ச் 4
சாமித்தம்பியின் மனைவி பரிமளம் வந்தார். இடுப்பில் இரண்டு வயது யதுஷா, இருமலோடு. ஏன் முன்பே வரவில்லை என்று நேர்ஸ் பேர்ணடெற் கேட்டதை நான்தான் தமிழில் சொன்னேன்.

“எங்களுக்கு ஒரு கடிதமும் வரல்லயே புள்ள. மோர்னிங்சைட்டில இருக்கிற இவர்ர அண்ணன்மாருக்குத்தான் வந்திச்சு.”

கடைசிப் பெயரை வைத்துக் குடும்பத்தைத் தேடச் சொல்லி எழுதியவள் நான். எங்களுக்குக் கடைசிப் பெயர் தகப்பன் பெயர். சாமித்தம்பிக்கும் அண்ணன்மாருக்கும் தகப்பன் கந்தப்போடி, யதுஷாவுக்குச் சாமித்தம்பி, பரிமளத்துக்கு அவருடைய தகப்பன் பெயர். ஒரே கட்டிலில் படுக்கிற மூன்று பேர், கொம்பியூட்டருக்கு அந்நியர். வெள்ளைக்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம். என்ர மகனே என்ர மனுசன்ர பேரைக் கடைசிப் பேரா வச்சுத்தான் திரியுறான் - எனக்குக் கண் அவிஞ்சே போச்சு?

மார்ச் 7
தாய்க்கு ஒன்றுமில்லை. பிள்ளையின் கையில் காசநோய்ச் சோதனைக்கு ஊசி போட்ட இடம் தடித்துவிட்டது, கிருமி தொற்றியிருக்கிறது. மக்டலீனிடம் என் பிழை என்று சொன்னேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். வேறு யாரையெல்லாம் தவறவிட்டது என்று முதலில் பார், பிறகு அழலாம் என்றார். பேர்ணடெற் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மார்ச் 10
பெயரைத் தூக்கி எறிந்துவிட்டேன். இனிப் பதியும்போதே கேட்க வேண்டும்: உங்களோடு வீட்டில் யார் யார்? பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவரும் அதில் சேர்த்தி. வீடு மாறினால் மாற்றலாம். நாளைக்கு வேறு கேள்வி தேவைப்பட்டால் என்னைத் தேடாமல் தாங்களே சேர்க்க வழி வேண்டும் என்று பேர்ணடெற் கேட்டார். நியாயம்தானே. அடுத்த பிழை எங்கே இருக்கிறதென்று எனக்கென்ன தெரியும்?

மார்ச் 14
எக்ஸ்ரேயில் தெரிகிறது. யதுஷாவுக்கும் காசநோய். ஆரம்பம்தான், மருந்தில் மாறும் என்கிறார் டொக்டர். பரிமளம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

செப்டெம்பர் 20
யதுஷாவுக்கு மருந்து முடிந்தது. நெஞ்சு சுத்தம். பேர்ணடெற்றின் ஸ்டெதஸ்கோப்பைப் பறித்துக்கொண்டு ஓடினாள். கழிவறைக்குள் போய் அழுதேன்.

ஒக்டோபர் 8
இன்னொருவருக்குக் காசநோய். ஆறு கடிதங்கள் அச்சாகின. ஆறிலும் வேறு வேறு கடைசிப் பெயர், ஒரே விலாசம். பேர்ணடெற் முத்திரை ஒட்ட எடுத்தார். வேண்டாம், போகிற வழிதான், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன்.