வராந்தாவில் நின்ற பாதி வகுப்பு

என் அண்ணாவுக்கு, உன் கோபக்காரத் தங்கை எழுதுவது.

பங்களாதேஷ் போர் முடிந்து ரேடியோவில் ஒரே சமாதானப் பேச்சு. நீ இருந்தால் அதை விட்டு நகர மாட்டாய். உன் பத்தாம் வகுப்பை ஹெட்மாஸ்டர் என் தலையில் கட்டிவிட்டார். பாடம், முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஒப்பந்தம். நான் சாக்பீஸை எடுத்ததுமே, "சார் இப்டி நடத்த மாட்டாரு டீச்சர்" என்றார்கள். நீ போனதிலிருந்து இதே பாட்டுதான்.

சொல்லிவிடுகிறேன், எனக்கு உன்மேல் பொறாமை. நீ உயிரோடு இருந்தபோதும் பொறாமைதான். ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை, அடுத்தடுத்த வகுப்பறை, ஒரே சரித்திரப் பாடம். நான் நோட்ஸ் எழுதிப் போட்டுக் கை ஓய்ந்து உட்காரும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் உன் பிள்ளைகள் சிரிப்பார்கள். அம்மாவும் உன்னைத்தான் வாத்தியார் என்பாள். நான் யாராம்?

சரி, உன் வழியிலேயே ஜெயித்துக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். பிள்ளைகள் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். தோற்ற நாடு என்று பாதிப் பேரை வராந்தாவுக்கு அனுப்புவாய். ஜெயித்தவர்கள் உள்ளே நிபந்தனை எழுதுவார்கள். பிறகு தோற்றவர்களைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்வாய். அவர்களுக்கு வரும் கோபத்திலிருந்து அடுத்த போரை ஆரம்பிப்பாய்.

அப்படியே செய்தேன். உள்ளே நிபந்தனை அமர்க்களமாகத் தயாரானது. கதவைத் திறந்தால் வராந்தாவில் ஈ காக்கை இல்லை. கோயிலிலிருந்து வரதர் புறப்பாட்டு மேளம் கேட்டதாம். என் தோற்ற நாடு மொத்தமும் சன்னதித் தெருவுக்கு ஓடிவிட்டது.

கையில் சுண்டலோடு திரும்பியவர்களைத் திட்டித் தீர்த்தேன். "சார் இருந்தா இப்படி ஓடுவீங்களா?"

முசரவாக்கத்திலிருந்து வரும் செண்பகம்தான் வாய் திறந்தாள். "சார் உள்ள இருக்க மாட்டாரு டீச்சர். எங்களோட வெளியவே நின்னுக்கினு இருப்பாரு. உள்ள என்னா எழுதறாங்கன்னு அவருக்கும் தெரியாது."

நான் அவ்வளவு நேரமும் ஜெயித்தவர்களோடு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். வேறு இடம் இருப்பதாகவே தோன்றவில்லை. உனக்கு மட்டும் எப்படி அண்ணா தோன்றியது? அதை ஏன் என்னிடம் சொல்லாமல் போனாய்? வயிறு இன்னும் எரிகிறது.

பொறாமையை விட்டுவிடுவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். நாளைக்கு அதே பாடத்தை மறுபடி நடத்துவேன். கதவைச் சாத்திவிட்டு, வராந்தாவில் அவர்களோடு நிற்பேன். அந்த வாக்கை மட்டும் தருகிறேன்.

இந்த முறையும் உன்னிடம் தோற்ற,
உன் தங்கை கோமளா