கை எட்டாத பொத்தான்

12.5.1996, ஞாயிறு

கிணற்றில் முங்கும்போது கட்டிக்கொள்ளும் எங்கள் கருவி, விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தரும். ஆழம் போகப்போகத் தானாகக் காற்றைச் சேர்க்கும் அதன் வால்வு ஒழுகியது. கழற்றிவிட்டு, பொத்தானை அழுத்தினால் காற்று விடும் வால்வை நான்தான் மாட்டினேன். தண்ணீரில் சோதித்துப் பார்க்கவில்லை.

இன்று வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டக் கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுக்க, தங்கை புருஷன் செல்வராஜ் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் மூச்சுத் திணறி, உதடு நீலம் பாய்ந்து மேலே வந்தார். கருவியைக் கழற்றும்போதே பார்த்தேன். கருவியின் காற்றுப்பை தண்ணீரில் மிதந்து எழுந்து, அவர் கை எட்டாதபடி பொத்தானை மூடியிருந்தது.

"ஏனுங்க தம்பி, பயந்துபோட்டீங்களா?" என்றார் தோட்டக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செல்வராஜ் என்னைப் பார்த்தார். "ஆமாங்க, பயந்துதான் போட்டேன்" என்றார்.

ராத்திரி சோறு போடும்போது தங்கை, "இனி நீங்களே எறங்குங்கண்ணா. இவுருக்குத் தைரியம் பத்தலை" என்றாள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"சரி கண்ணு" என்றேன்.

பக்கத்து அறையில் இருமுகிறார். இன்னும் விளக்கு எரிகிறது. இப்போதே போய்ச் சொல்லிவிட வேண்டும், தங்கையும் கேட்கும்படி.