தீக்காவல் குடிலில் தங்கிய குற்றம்

ஜெர்மனி
08.01.2006

அன்பின் ஈஸ்வரிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீர் நம்பமாட்டீர். ஆனாலும் கடிதம் என்றால் அப்படித்தானே தொடங்கவேண்டும். ஆகவே நான் சுகம். தடிமன் ஒன்று பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, வேறொன்றும் இல்லை. உம்முடைய கால் நோவு எப்படி? ஆதிரை இன்னும் கணக்குப் பாடத்துக்கு அழுகிறாளா? அது என்னுடைய பரம்பரை வியாதி. அவளை அடிக்காதையும்.

இதை நான் தபாலில் போடவில்லை. பற்றிமா அக்கா தமையன் மகளின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் வருகிறா, அவ கையில் கொடுத்துவிடுகிறேன். அவவை உமக்குத் தெரியாது. இங்கே என் உடுப்பு கிழிந்தால் தைத்துத் தருகிற மனுசி. ஒரு தேத்தண்ணி கொடும். ஆனால் கதைக்கத் தொடங்கினா என்றால் மத்தியானச் சோறும் நீர்தான் போடவேண்டிவரும், முன்னமே சொல்லிவிட்டேன். கடிதத்தை வாசித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடும்.

கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் போனில், என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று சொன்னேன். நீர் அழுவீர் என்று நினைத்தேன். நீரோ, "வாறது நல்லம்தானே, வாங்கோ" என்றீர். அதோடு நிற்காமல், "நானும் பிள்ளையும் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வந்து நிப்பம், அவளுக்கு மஞ்சள் சட்டை தைக்கக் குடுக்கப் போறன்" என்றீர். நான் வாயைத் திறக்க முன்னர் போன் கார்ட் முடிந்துவிட்டது. என்ன சனியன் பிடித்த கார்ட்டோ! ஆகவே ஏன் அனுப்புகிறார்கள் என்பதையும், நீர் ஏன் வரக்கூடாது என்பதையும் இதில் எழுதுகிறேன். பொறுமையாக வாசியும்.

என் கையில் இருக்கிற கடதாசிக்கு டுல்டுங் என்று பெயர். உன்னை அனுப்பத்தான் போகிறோம், இன்றைக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான் அதன் அர்த்தம். அதை வைத்திருக்கிறவன் தன் மாவட்டத்தை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. ஹம் நகரத்து அம்மன் கோயில் தேருக்குப் போய் ரயில் நிலையத்தில் பிடிபட்டு நான் தண்டம் கட்டியது உமக்குத் தெரியும். உம்மையும் பிள்ளையையும் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று கேட்கப் போய், அம்மாளாச்சி எனக்கு அதைத்தான் தந்தா. முதல் தடவை என்றால் தண்டம். இரண்டாம் தடவை என்றால் அது கிரிமினல் குற்றம், கள்ளனுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

போன வருடம் இந்த மாநிலத்தில் ஒரு குழு அமைத்தார்கள். என்னைப் போல வருடக்கணக்காகத் தொங்கிக்கொண்டு நிற்கிறவர்களின் கதையைக் கேட்டு, சிலரை இருக்க விடலாம் என்று சொல்வதற்கான குழு. எங்கள் அட்வகேற் சியாமளா, நல்ல பிள்ளை, என் கேஸைப் பார்த்துவிட்டு, "அண்ணை, உங்களுக்குக் கிடைக்கும். டொச் பாஷை கதைக்கிறியள், வேலைக்குப் போறியள், உங்களில ஒரு முறைப்பாடும் இல்லை. முடிவு வரும்வரை ஒரு இடமும் போகாதேங்கோ, அது காணும்" என்றா. விசா கிடைத்தால் உங்கள் இருவரையும் கூப்பிடலாம் என்றும் சொன்னா. அதைக் கேட்ட நாளிலிருந்து பஸ்ஸில் ஏறினாலும் கடைசித் தரிப்பு எந்த மாவட்டம் என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினேன். டிரைவர்மார் என்னைக் கண்டாலே சிரிப்பார்கள்.

இனி அந்த மலைக்கு வருகிறேன்.

நாங்கள் இருக்கிற அகதி விடுதிக்கு மேலே வொல்ஃப்ஸ்பெர்க் என்று ஒரு மலை நிற்கிறது. ஓநாய்மலை என்று அர்த்தம், ஆனால் ஓநாயும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. அதன் உச்சியில் நூறு வருடத்துக்கு முந்திய தீக்காவல் குடில் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் கோடை முழுக்க ஒரு ஆள் அங்கே தனியே இருந்து, காட்டில் எங்கேயாவது புகை கிளம்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பானாம். இப்போது அந்த வேலைக்குக் கமெரா வந்துவிட்டது. குடில் உக்கிப்போய்க் கிடந்தது. ஹெர் குறூகர் என்று இளைப்பாறிய வன அதிகாரி ஒருவர், தன்னுடைய நடைப்பயணச் சங்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு அதைத் திருத்த வெளிக்கிட்டார். யன்னல்களைக் கழற்றிக் கீழே தன் முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். அந்த முற்றத்தில் நான்தான் அவற்றைத் தேய்த்து வர்ணம் பூசினேன். சங்கக்கடை மனேச்சராக இருந்தவனுக்கு வர்ணம் பூசத் தெரியுமா என்று நீர் கேட்பீர். தெரியாதுதான். பாதி வர்ணம் என் காற்சட்டையில். ஆனால் குறூகருக்கும் மனுசிக்கும் என்னைப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் கேக் தருவார்கள், நான் உம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டே சாப்பிடுவேன்.

ஒக்டோபரில் வேலை முடிந்தது. குடிலில் இனி ஆட்கள் இரவு தங்கலாம் என்று சங்கம் தீர்மானித்தது. முதல் இரவு உமாபதிக்குத்தான் என்று குறூகர் எழுந்து நின்று சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வெட்கமும் சந்தோஷமும். உடனேயே கேட்டேன், "அது எங்கட மாவட்டம்தானே?" என்று. "நான் இந்த மலையின் அடியில் பிறந்தவன், வேறு யாருடையது?" என்றார். காரில் ஏறும்போது இன்னொருமுறை கேட்டேன். சிரித்துக்கொண்டு என் முதுகில் தட்டினார். மூன்றாம் முறையும் கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்கிறது ஈஸ்வரி? தன் சொந்த விருந்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகிற மனுசனிடம், உன்னை நம்பவில்லை என்று சொல்கிற மாதிரி இருக்காதா? எங்களுடைய ஆட்கள் யாராவது கேட்பார்களா?

ஆனாலும் நான் விசரன் இல்லை, பார்த்தேன். குடிலின் நடுவில் வட்டமாக ஒரு மேசை, அதன்மேல் கண்ணாடிக்குக் கீழே வரைபடம், சுழல்கிற பித்தளைக் கம்பி ஒன்று. புகை தெரிகிற பக்கம் கம்பியைத் திருப்பினால் எந்த இடத்தில் நெருப்பு என்று வரைபடம் சொல்லும். குறூகர் அடுப்பு மூட்டுகிற நேரம் நான் அந்தக் கண்ணாடியில் மூக்கை வைத்து மாவட்ட எல்லையைத் தேடினேன். கண்டுபிடித்தேன். சிவப்புக் கோடு, மலைக்கு அந்தப்பக்கம் ஆற்றோடு போகிறது. குடில் எங்கள் பக்கம், நல்லாக உள்ளே. அப்பாடா என்று இருந்தது. அதற்குப் பிறகு நான் ஒன்றைப்பற்றியும் யோசிக்கவில்லை.

நான் பருப்பும் சம்பலும் செய்தேன். மனுசன் மூக்கால் கண்ணால் ஒழுக ஒழுக இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். நாலு பக்கமும் யன்னல், நான் வர்ணம் பூசிய யன்னல்கள். கீழே ஊர்களின் வெளிச்சம். எங்கள் விடுதியும் தெரிந்தது. ஒரு அறையில் நாலு பேர், பாதி இரவில் கதவைத் தட்டி ஆள் எண்ணுகிற அந்த விடுதி, அங்கேயிருந்து பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆதிரை பக்கத்தில் நிற்கிறமாதிரி, "அந்தா, அங்கதான் அப்பா இருக்கிறன்" என்று வாய்விட்டே சொன்னேன். நீங்கள் வந்த பிறகு முதல் வேலையாக இங்கே கூட்டிக்கொண்டு வருவது என்று தீர்மானித்தேன். உமக்குக் குளிரும், நீர் திட்டுவீர், அதையும் நினைத்துச் சிரித்தேன். இந்த நாட்டுக்கு வந்து நான் நிம்மதியாகப் படுத்த ஒரே இரவு அதுதான் என்று சொன்னால் நீர் கோபிக்கக் கூடாது.

காலையில் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெட்டை கமெராவோடு ஏறி வந்தாள். குறூகர்தான் சொல்லிவைத்திருக்கிறார். என்னைப்பற்றி ஊர் அறிந்தால் குழுவும் இரக்கம் காட்டும் என்பது அவருடைய எண்ணம். அடுத்த கிழமை அரைப்பக்கம் வந்தது. தீக்காவல் குடிலின் முதல் விருந்தாளி என்று தலைப்பு, என் முழுப்பெயர், எந்த ஊர், எந்த விடுதி, எந்த இரவு எல்லாம் பிழையில்லாமல். படத்தில் யன்னலால் எட்டிப்பார்த்து முப்பத்திரண்டும் தெரியச் சிரிக்கிறேன். விடுதியில் எல்லோருக்கும் காட்டித் திரிந்தேன். குறூகர் அதை வெட்டி, ஒரு நல்ல கடிதமும் எழுதி, அந்தக் குழுவுக்கே அனுப்பிவிட்டார்.

அந்த மேசையில் இருந்த வரைபடம் மிகவும் பழசு. தொண்ணூற்றிநாலில் இந்தப் பக்கத்து மாவட்டங்களையெல்லாம் கலைத்துப் புதிதாகப் பிரித்தபோது மலையின் உச்சி பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டது. குறூகருக்கு அது தெரியவே தெரியாது. அந்த மனுசனுக்கு ஏன் தெரியவேண்டும்? இரண்டு பக்கமும் ஒரே மரம், ஒரே பாதை. எல்லை எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் அவர் சாகும்வரை சந்தோஷமாக இருக்கலாம். எல்லை வேண்டியது என்னைப் போன்றவர்களுக்குத்தான். நான் பார்த்ததோ அந்தப் பழைய படத்தை.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு டெர்மீன் என்று நாளும் நேரமும் குறித்துக் கூப்பிட்டார்கள். அங்கே இருக்கிற மனுசி கெட்டவ இல்லை, அவவுக்கும் முகம் செத்துப்போயிருந்தது. மேசையில் அந்தப் பத்திரிகை இருந்தது. அனுமதி கேட்டிருந்தால் ஒரே நாளில் தந்திருப்பேனே, ஏன் கேட்கவில்லை என்று கேட்டா. இரண்டாம் தடவை என்று வழக்கு எழுதினார்கள். குற்றவழக்கு உள்ளவரின் மனுவைப் பார்க்க முடியாது என்று குழு திருப்பி அனுப்பிவிட்டது. சியாமளா ஓடாத இடமெல்லாம் ஓடினா. இனி ஒன்றும் செய்ய ஏலாது அண்ணை என்று சொல்லிவிட்டு என் முன்னாலேயே அழுதா.

குறூகரும் மனுசியும் விடுதிக்கு வந்தார்கள். எழுபது வயது மனுசன் என் கட்டிலில் இருந்துகொண்டு சின்னப்பிள்ளை போல விம்முகிறார். நான் தோளைத் தடவி, உங்களில் பிழை இல்லை, தேத்தண்ணி குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கூத்தைப் பாரும், ஆறுதல் சொல்லவேண்டியவனும் நான்தான்! அவரில் உண்மையாகவே எனக்குக் கோபம் இல்லை. யாரில் கோபிப்பது என்றே தெரியவில்லை ஈஸ்வரி.

பெப்ரவரி பதினாலு என்று நாள் குறித்துவிட்டார்கள். இரண்டு பொலிஸ்காரர் கூட வந்து கொழும்பில் ஒப்படைப்பார்களாம். இப்போதுதான் நீர் கவனமாக வாசிக்கவேண்டும். என் பக்கத்துக் கட்டில் பிரதாப்பை நவம்பரில் அப்படித்தான் கொண்டுபோனார்கள். கட்டுநாயக்காவில் இறங்கியது தெரியும். அதற்குப் பிறகு ஒரு போனும் இல்லை. தாயும் தங்கச்சியும் விமான நிலையத்துக்கு வந்து நின்றார்களாம், சீஐடிக்காரர் அவர்களையும் பெயர் விலாசம் எழுதி எடுத்து, பிறகு வீடு தேடிப் போனார்களாம். எங்கள் தம்பி எந்த இயக்கத்தோடு போனான், எங்கே செத்தான் என்பதெல்லாம் அந்தச் சீஐடிக்காரரிடம் இருக்கிறது. அவனுடைய தமையன் என்றுதானே நான் இங்கே ஓடிவந்தேன். நீர் போன கடிதத்தில் எழுதியிருந்தீர், ஊரை ஆமி சுற்றி வளைக்கிற ரவுண்டப் திரும்பவும் தொடங்கிவிட்டது, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஒருவரும் வெளியில் வருவதில்லை என்று. அந்த ஊருக்குத்தான் வருகிறேன். வாறது நல்லம்தானே என்று நீர் சொன்ன குரல் இன்னும் காதில் நிற்கிறது. அதைத் தவிர எனக்குச் சந்தோஷப்பட வேறொன்றும் இல்லை.

ஆகவே கொழும்புக்கு வராதையும். உம்மைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அன்றைக்குப் பிள்ளை வழமைபோலப் பள்ளிக்கூடம் போகட்டும். நீரும் வழமைபோலக் கிணற்றடியில் நில்லும், சந்தைக்குப் போம். என்னை விட்டால் நானே பஸ் பிடித்து வந்து படலையைத் தட்டுவேன், நாய் குரைத்தால் அடிக்காதையும். ஒரு கிழமைக்குள் நான் வராவிட்டால், எந்த முகாம் வாசலிலும் போய் நின்று என் பெயரைச் சொல்லாதையும். என் படத்தைத் தூக்கிக்கொண்டு எந்தக் கந்தோரிலும் நிற்காதையும். என்னைத் தேடாதையும். எங்கள் பிள்ளை பிறந்த நாளிலிருந்து அப்பா இல்லாமல் இருந்து பழகியவள். அம்மா இல்லாமல் இருந்து அவளுக்குப் பழக்கம் இல்லை.

நீங்கள் இரண்டு பேரும் நல்லாக இருக்கவேண்டும். மஞ்சள் சட்டையைத் தைப்பியும், அவள் அதைப் போட்டுக்கொண்டு எங்கேயாவது நல்ல இடத்துக்குப் போகட்டும்.

என்றும் உம்முடைய,
உமாபதி