ஷைனர் சாலையில் ஓரங்கட்டி நின்றவர்கள்

சான் அன்டோனியோ,
அக்டோபர் 9, ஞாயிறு.

என் கண்ணான மகன் எஃப்ரைனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீயும் அந்த அலாஸ்கா தீவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தொப்பி போடமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாய். மாத்திரை போட்டாயா என்கிறாய், கூரை ஒழுகுகிறதா என்கிறாய். நான் அப்பா பேச்சை எடுத்தவுடனே உன் ஆலையில் ஏதோ ஒரு இயந்திரம் நின்றுபோகிறது. மீன் பதனிடும் ஆலையில் இத்தனை இயந்திரமா, அதுவும் ஞாயிற்றுக்கிழமை பார்த்தா நிற்கும்? கடிதத்தை அப்படி நடுவில் வைத்துவிட்டுப் போக முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

முதலில் வீட்டுச் சேதி. பீக்கான் மரம் இந்த வருஷம் காய்த்துக் கொட்டுகிறது. கூரைமேல் விழுகிற சத்தத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று ஓடிப்போய்த் திறக்கிறேன். முன்னறையில் முடி வெட்டுகிற வேலையை விடவில்லை. பழைய வாடிக்கைக்காரிகள் வருகிறார்கள், முடியைவிட வம்புதான் அதிகம் கொட்டுகிறது. உன் செலோ சித்தி போன மாதத்திலிருந்து என்னோடு இருக்கிறாள். கூடப் பிறந்தவள்தான், அன்பானவள்தான். ஆனால் என் மிளகாய்ச் சட்னியில் சர்க்கரை போடுகிறாள். அதைச் சொன்னால் மூக்கைச் சிந்துகிறாள்.

அவளால்தான் நேற்று நான் வெளியே கிளம்பியதே. உன் அப்பாவின் நீல பியூக் கார் ஷெட்டுக்குள் தூசி படிந்து கிடப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரனைப் பிடித்து பேட்டரி மாற்ற வைத்து, தானே தேய்த்துக் கழுவி, மெழுகு போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டு, வண்டியும் துருப்பிடிக்கிறது, அக்கா நீயும் துருப்பிடிக்கிறாய், இரண்டு பேரும் கிளம்புங்கள் என்று சாவியை என் கையில் திணித்தாள். அப்பா போனபிறகு அந்த வண்டியை நான் எப்போதாவது கோவிலுக்கோ கடைக்கோ எடுத்ததோடு சரி, இந்த வருஷம் அதுவும் இல்லை. நேற்று சனிக்கிழமை வேறு.

சனிக்கிழமை என்றால் நம் வீட்டில் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்கு நன்றாக இருக்கிறது. வாரம் முழுக்க நகரப் பேருந்துகளுக்கு அடியில் கிடந்த மனிதர், சனிக்கிழமை காலை குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, இன்னைக்கு எந்த ஊருடா என்று உன்னைக் கேட்பார். லாக்ஹார்ட்டுக்குப் போனால் கறி. மதியத்துக்குள் தீர்ந்துவிடும் என்று பதினோரு மணிக்கே வரிசையில் நின்று, சுட்ட மாட்டு நெஞ்சுக்கறியைக் காகிதத்தில் வாங்கி, தட்டில்லாமல் தின்போம். காஸ்ட்ரோவில்லுக்குப் போனால் ரொட்டி. எந்த ஊரானாலும் நடுவிலிருக்கிற நீதிமன்றத்தை ஒரு சுற்றுச் சுற்றாமல் வண்டியை நிறுத்தமாட்டார். பெரிய சாலையில் ஏறமாட்டார். எதிரே வருகிற எவனானாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி மரியாதை செய்வார். நீ பின் சீட்டிலிருந்து, அப்பா, அவரை உனக்குத் தெரியுமா என்று கேட்பாய். தெரியாது, தெரிஞ்சவனுக்கு எதுக்குடா விரலத் தூக்கணும், வீட்டுக்கே போகலாமே என்பார். பட்டப்பகலிலும் வண்டி விளக்கை எரியவிடுவார், ஞாபகமிருக்கிறதா? விளக்கு எரிஞ்சா நாலு பேரு நம்மளப் பாப்பாங்க என்பார். அதனால் நானும் நேற்று விளக்கைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். நடந்ததற்கெல்லாம் அந்த விளக்குதான் காரணம்.

பக்கத்துச் சீட்டில் சித்தியும் ஏறிக்கொள்ள, ஷைனர் என்கிற ஊருக்குப் போகலாம் என்று நினைத்தேன். கொன்சாலஸ் ஊரில் நீதிமன்றத்தைச் சுற்றினேன், ஒரு காப்பி குடித்தோம். அதுவரை ஒரு குறையுமில்லை. பீடத்துக்குப் பூ வைக்கப்போகிற மாதிரி சித்தி கறுப்பு உடையும் முத்துமாலையும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஊர் சுற்றப் போகிறோமா, பூசைக்குப் போகிறோமா என்று கேலிகூடச் செய்தேன். நானும் சாம்பல் நிறத்தில்தான் ஏதோ போட்டிருந்தேன்.

ஷைனருக்குச் சற்று முன்னால், பழைய ஷைனர் சாலை என்கிற கிளைச் சாலை பிரியும் இடத்தில் ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரர் ஒருவர் நடுச்சாலையில் நின்று வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். எங்கள் வண்டியைப் பார்த்தார், உள்ளே எங்களைப் பார்த்தார், தொப்பியைத் தொட்டுவிட்டு, போங்கம்மா என்று கிளைச் சாலைப் பக்கம் கையைக் காட்டினார். நேர்ச் சாலையில் ஏதோ விபத்து, சுற்றி அனுப்புகிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். இந்தக் காலத்திலும் இப்படி மரியாதை தெரிந்தவர்கள் இருக்கிறார்களே என்று சித்தி உருகிப்போனாள். முன்னால் வரிசையாக வண்டிகள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. நானும் பின்னால் போனேன்.

எதிரே வந்த ஒரு பிக்கப் ஓரங்கட்டி நின்றது. அதன் பின்னால் வந்த காரும் நின்றது. அடுத்து மாடு ஏற்றின லாரி, அதுவும் புல்லில் இறங்கி நின்றுவிட்டது.

"அக்கா, எல்லாரும் நம்மளப் பாத்து ஒதுங்குறாங்களே, நம்ம வண்டியில பொகை கிகை வருதா?" என்றாள் சித்தி.

நானும் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். புகை இல்லை. எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள், விளக்கு எரியவிட்டுக்கொண்டு. முன்னால் பார்த்தேன், போகிற எல்லா வண்டியிலும் விளக்கு. சாலை வளையும் இடத்தில் வரிசையின் முகப்பில் அந்த நீளமான கறுப்பு வண்டி தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, எஃப்ரைன். யாரோ ஒருவருடைய சவ ஊர்வலத்துக்கு நடுவில் உன் அம்மா பியூக் ஓட்டிக்கொண்டு போகிறாள்!

சவ ஊர்வலத்து வண்டிகள்தானே பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு போகும்; எங்கள் விளக்கையும் கறுப்பு உடையையும் பார்த்துத்தான் அந்தப் போலீஸ்காரர் எங்களை இந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறார். சித்தி பதறிப்போனாள். எங்கேயாவது திருப்பு, திருப்பு என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் திருப்பவில்லை. சவ ஊர்வலத்தைப் பாதியில் வெட்டிக்கொண்டு போவது எவ்வளவு கேவலம் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை உன்னிடம் மறைப்பதற்கில்லை. எனக்கு அதை விட்டு வர மனசில்லை. வயலில் வைக்கோல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் டிராக்டரை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டை அலறவிட்டுக்கொண்டு வந்த பையன்கள் பாட்டை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நம் வாழ்நாளில் நாமும் எத்தனை ஊர்வலத்துக்கு இப்படி நின்றிருப்போம். அப்பா இறங்கியே நிற்பார். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது என்ன செய்யும் என்று எனக்கு நேற்றுவரை தெரியாது.

ஏன் தெரியாது என்று உனக்கே தெரியும். அந்த நோய்க்காலத்தில் அப்பாவுக்கு ஊர்வலம் ஏது? சித்தியும் நானும் சாமியாரும், குழி வெட்டினவர்களும். சாமியார் முகமூடிக்குள் சொன்ன ஜெபம் எனக்குப் பாதி கேட்கவில்லை. எல்லாம் நல்லபடி நடந்தது என்று உன்னிடம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வழியில் ஒரு சிக்னலில் நம் வண்டிகள் கொஞ்சம் தாமதித்ததற்குப் பின்னாலிருந்து ஒருவன் ஹாரன் அடித்தான். அவனைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. ஒரு கறுப்பு வண்டியும் பின்னால் ஒரு நீல வண்டியும் போனால் அதை ஊர்வலம் என்று யார்தான் நினைப்பார்கள்?

உன் தீவிலிருந்து ஒருவரையும் வெளியே விடவில்லை. நீ போனில் அழுதுகொண்டு, அப்பாவை நாதியற்றவர் மாதிரி அனுப்பிவிட்டீர்களே என்று கேட்டாய். அது என்மேல் வந்த கோபமில்லை, நோய்மேல், ஓடாத விமானத்தின்மேல் வந்த கோபம் என்று அப்போதே எனக்குப் புரிந்தது. ஆனாலும் கேட்ட காதிலிருந்து அது போகவில்லை, அய்யா. சொன்ன உனக்கும் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் விமானங்கள் எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகும் நீ ஏன் ஒரு தடவைகூட வீட்டு வாசலை மிதிக்கவில்லை?

சரி, மீதியைக் கேள். ஊர்வலம் நோவாக் கார்னர் என்கிற ஊரில் நின்றது. ஊர் என்றால் ஒரு மாதா கோவில், ஒரு நடனக்கூடம், ஒரு பெட்ரோல் பங்க், அவ்வளவுதான். அங்கே இருப்பவர்களெல்லாம் செக் நாட்டிலிருந்து வந்து நிலம் வாங்கினவர்களின் பிள்ளைகள். வண்டியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு நழுவிவிடலாம் என்று பார்த்தோம். முடிந்தால்தானே? ஒருவர் வந்து கதவைத் திறந்து, பள்ளம் இருக்கு, பாத்து வாங்க என்று என் கையைப் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். எல்லாரும் மண் போட்டார்கள், நானும் போட்டேன். பிறகு கூடத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். ஆண்கள் இரும்புக் கொப்பரையில் காய்ச்சிய கறிக்குழம்பு, நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, பழம் வைத்த கொலாச்சி ரொட்டி. என் தட்டு நிறைந்துவிட்டது. நான் முள்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தேன். சித்தி மட்டும் வந்த வீட்டில் சாப்பிடாமல் இருப்பது மரியாதையில்லை என்று சொல்லிக்கொண்டு இரண்டாவது கொலாச்சிக்குப் போனாள்.

அப்போது இறந்தவருடைய மனைவி மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். அல்பினா என்று பெயர், என் வயதுதான் இருக்கும். எங்களிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் லாடிஸுக்கு நீங்கள் எப்படிப் பழக்கம் என்று கேட்டார். சித்தி வாயைத் திறந்தாள். ஏதோ வைக்கோல் வியாபாரம் என்று கயிறு திரிக்கப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். உண்மையைச் சொன்னேன். உங்கள் வீட்டுக்காரரை எனக்குத் தெரியாது, விளக்கு எரிந்த வண்டியில் வழிதவறி வந்தேன், மன்னிக்க வேண்டும் என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. அப்பாவைச் சொன்னேன், அந்த ஒற்றை வண்டியைச் சொன்னேன், ஹாரன் அடித்தவனையும் சொன்னேன். டிராக்டர்க்காரர் தொப்பியைக் கழற்றியபோது அது என் வீட்டுக்காரருக்கு என்று திருட்டுத்தனமாக நான் எடுத்துக்கொண்டதையும் சொன்னேன்.

அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகச் சொல்லப்போகிறார் என்று கைப்பையை எடுத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"திருட்டு என்னம்மா திருட்டு. எங்க லாடிஸ் தட்டுல இருக்கிறத எதிர்ல இருக்கிறவனுக்குப் பாதி தராம ஒருநாளும் சாப்பிட்டதில்ல. இன்னைக்கு ரோட்டுல நின்னவங்கள்ல பாதிப் பேரு உங்க வீட்டுக்காரருக்கு நின்னாங்க. அப்படியே வச்சுக்குங்க. அவரு பேரு என்ன?"

சொன்னேன். அவர் நேராகச் சாமியாரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். கடைசி ஜெபத்துக்கு எல்லாரும் எழுந்து நின்றபோது சாமியார், நம் சகோதரர் லாடிஸ்லாவுக்காகவும், சான் அன்டோனியோ அனஸ்டாசியோ செபெடாவுக்காகவும் என்று சொன்னார். நம் பெயரை உச்சரிக்க அவர் பட்ட பாடு! ஆனால் தெளிவாகச் சொன்னார். அந்தக் கூடம் முழுக்க, கறிக்குழம்பு காய்ச்சிய ஆண்கள் உட்பட, ஆமென் என்றது. என் மகனே, நான் அழுதேன். அப்பா போன அன்றைக்கு வராத அழுகை நேற்றுதான் வந்தது. வலது பக்கம் சித்தி, இடது பக்கம் அல்பினா. வாய்விட்டு அழுதேன்.

கிளம்பும்போது ஒரு பொட்டலம் கொலாச்சி கட்டிக்கொடுத்தார்கள். நவம்பரில் மாதா கோவில் திருவிழா இருக்கிறதாம், மறுபடி வரவேண்டும், இந்தத் தடவை வழிதவறாமல் வரவேண்டும் என்றார் அல்பினா. திரும்பும் வழியில் எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் நான் ஒரு விரலைத் தூக்கினேன். சித்தியும் அவள் பக்கத்து ஜன்னலிலிருந்து தூக்கினாள்.

எத்தனை பேருக்கு நான் நன்றி சொல்வது? அந்த மாட்டு லாரிக்காரரை எங்கே போய்த் தேடுவது? உட்கார்ந்து ஜெபமாலை சொன்னால் அவர்கள் முகம்தான் வருகிறது. உன் அப்பாவுக்கும் நன்றி சொன்னேன், விளக்கை எரியவிடப் பழக்கினதற்கு. உனக்கும் சொல்லவே இதை எழுதினேன். நீ அன்றைக்குச் சொன்ன வார்த்தை இனி நமக்கு வேண்டாம். உன் அப்பா நாதியற்றவராகப் போகவில்லை. கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் சுற்றுவழியாக, ஷைனர் சாலையில் மரியாதையோடு போனார். நான் கூடவே போனேன், பார்த்தேன்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அப்பாவுக்குச் சாமந்திப்பூ வாங்க வேண்டும், தனியாக என்னால் சுமக்க முடியாது, சித்தி சுமக்கமாட்டாள். திருவிழாவுக்கும் நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பியூக் நன்றாக ஓடுகிறது. உனக்குப் பின் சீட் வேண்டாம், நீயே ஓட்டு.

நம் வீட்டில் நெற்றியில் சிலுவை வாங்காமல் யாரும் வாசல் தாண்டியதில்லை. நீ ஞாயிறுதோறும் போனை வைத்த பிறகு நான் காற்றில் ஒரு சிலுவை போடுகிறேன். அது அலாஸ்கா வரைக்கும் வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. விமானம் இறங்கி வாடகை வண்டி எடுத்தால் பகலானாலும் விளக்கைப் போட்டுக்கொண்டு வா, நான் தெருமுனையிலேயே நிற்பேன். நீ உன் அப்பா உயரம், எனக்கு எட்டாது. வந்து கொஞ்சம் குனிந்து நெற்றியைக் கொடு.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
அம்மா ஹெர்லிண்டா