ஐஸ்கிரீம் வாளியில் சிலந்திச் செடி

ஜனவரி 16, வியாழன்

செடிக் கடையில் இன்று மானம் போயிற்று. "நுனி கொஞ்சம் பழுப்பா இருக்கும்மா, என்ன போடலாம்?" என்று கேட்டுக்கொண்டே பையைப் பிரித்துத் தொட்டியை மேசைமேல் வைத்தேன். அந்தப் பெண் செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நுனி மட்டும்னு சொன்னீங்களே, சார்?"

இலை மொத்தமும் வேகவைத்த கீரை மாதிரி தொங்கியது.

வழியில் ஒரு காபிக்காக வண்டியை நிறுத்தியிருந்தேன். காபிக் கடைக்குள்ளே என் சிநேகிதன் ஸ்டான் இருந்தான். ஹாக்கிப் பேச்சில் அரைமணி ஓடிவிட்டது. வெளியே வண்டியில் செடி; குளிர் மைனஸ் முப்பத்தொன்று. இந்த வினிபெக்கில் இருபத்தாறு வருஷமாக வீடு வீடாய் ஹீட்டர் பழுது பார்க்கிறவன் நான்.

"இலையெல்லாம் வெட்டிடுங்க. கீழ கிழங்கு மாதிரி வேர் இருக்கும், பிழைச்சாலும் பிழைக்கும். தண்ணிய ஊத்தி அதையும் கொன்னுடாதீங்க," என்றாள்.

'அதையும்' என்றாள்.

ஜனவரி 17

டேனிஸ் போன் செய்தாள். மார்ச் ஒன்றாம் தேதி தனி வீட்டுக்குப் போகிறாளாம். முதல் வீடு.

"அப்பா, நம்ம சமையலறைச் செடியில ஒரு குட்டி வேணும். கடையில வாங்கினதெல்லாம் வேண்டாம். அதுதான் வேணும்."

"ஒண்ணென்ன, ரெண்டு எடுத்துக்கோ," என்றேன். என் வாய்க்கு யாராவது பூட்டுப் போட்டால் தேவலை.

ஜனவரி 26, ஞாயிறு

எங்கள் முதல் வீடு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை. காலையில் ரொட்டி வாசனை வந்து எழுப்பும். டேனிஸின் அம்மா டார்லீன் அந்தச் செடியை ஐஸ்கிரீம் வாளியில் நட்டு, கயிறு கட்டி, பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே மாட்டினாள். கழுவும்போதெல்லாம் கொடி நுனியில் தொங்கும் குட்டிச் செடிகள் என் நெற்றியில் மோதும். டேனிஸ் ஒவ்வொன்றுக்கும் பேர் வைப்பாள். அந்த இடுக்கில் மூன்று பேர் எப்படித்தான் இருந்தோம்? இப்போது இவ்வளவு பெரிய வீடு — செடி என் நெற்றிக்கு எட்டுவதே இல்லை.

டார்லீன் என்னைப் பிரிந்து போன அதே வாரத்தில்தான் என் பச்சைக் கட்டம் போட்ட சட்டையும் காணாமல் போனது. சலவைக் கடைக்காரனோடு பெரிய சண்டை. ஒன்பது வருஷமாகியும் அவன் கடைப் பக்கம் போகவில்லை.

பிப்ரவரி 9

மொட்டைத் தொட்டி. ஒன்றும் வரவில்லை.

பிப்ரவரி 16

கடையில் எட்டு டாலருக்கு ஒன்று, நல்ல பச்சை. அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? கையில் எடுத்துக் கல்லா வரைக்கும் போனேன். திரும்ப வைத்துவிட்டு வந்தேன். குழந்தை 'அதுதான் வேணும்' என்றாளே.

டார்லீன் போகும்போது ஒரு குட்டியைக் கிள்ளிக்கொண்டு போனாள். அது இருக்குமா? எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பேன்?

பிப்ரவரி 22, சனி

டார்லீன் இப்போது இருக்கும் செல்கர்க் ஊருக்குப் போனேன். டார்லீன் கதவைத் திறந்ததும் அவளுக்குப் பின்னால் அதைத்தான் பார்த்தேன். ஜன்னலோரம் ஐஸ்கிரீம் வாளி, தரை வரைக்கும் தொங்கும் குட்டிகள்.

நடந்ததைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"மைனஸ் முப்பதுல வண்டியில விட்டுட்டுக் காபி குடிச்சியா, மெர்வ்? ஒரு தடவ என்னையும் அப்படித்தான் உக்கார வச்சிட்டுப் போனே."

"அன்னிக்கு வண்டியில ஹீட்டர் ஓடிட்டு இருந்துச்சு."

"இன்னமும் அதே பதில்!"

வேர் விட்ட குட்டிகளாகப் பார்த்து இரண்டு எடுத்தாள். "ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு உனக்கு. மண்ணு காஞ்சப்புறம்தான் தண்ணி. குழாய்த் தண்ணிய ஒரு நாள் பிடிச்சு வச்சு ஊத்து. நேர் வெயில் வேண்டாம். இதாவது ஞாபகம் இருக்குமா?"

கையிலேயே எழுதிக்கொண்டேன். குளிர் தாக்காமலிருக்கச் செய்தித்தாளில் பொதிந்து, அதன்மேல் ஒரு பழைய சட்டையைச் சுற்றிக் கொடுத்தாள்.

பச்சைக் கட்டம். மூன்றாவது பித்தானில் சிவப்பு நூல் — நான் தைத்தது.

"நல்லா சுத்தியிருக்கே," என்றேன்.

வழியில் எங்கும் வண்டியை நிறுத்தவில்லை.

மார்ச் 1

டேனிஸ் வீடு ஒரே ஓர் அறை. செடியை அவளே மாட்டினாள், கழுவும் இடத்துக்கு மேலே. சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

"தெரியும் தெரியும், அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. காபி வேணுமாப்பா? அரைமணி ஆகுமே, பரவாயில்லையா?"

கிளம்பும்போது, "அப்புறம்பா, அம்மா அவங்க சட்டைய மறக்காம வாங்கிட்டு வரச் சொன்னாங்க," என்றாள்.

துவைத்து மடித்து வண்டியில்தான் வைத்திருந்தேன். எடுத்து வந்து கொடுத்தேன். அது என் சட்டை என்று சொல்லவில்லை.